எருக்கு ஏன் வடமாகவில்லை?

சென்னை மாகாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் வைட், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கே கிடைக்கும் நார்களைக் கயிறாக்கி, ஒவ்வொன்றும் எவ்வளவு எடை தாங்குகிறது என்று சோதித்தார். தென்னை நார் 224 ராத்தல் தாங்கியது. புளிச்சை 290, மருள் 316, பருத்தி 346, ஆனைக்கற்றாழை 362, சணப்பு 407. எல்லாவற்றையும் தாண்டி 552 ராத்தலில் நின்றது எருக்கு. இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 250 கிலோ. தென்னை தாங்கியதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு.

பட்டியலின் அடியில் கிடந்த தென்னை நார்தான் கிணற்றில் இறங்கியது, தோணியைக் கட்டியது, தேரை இழுத்தது. உச்சியில் நின்ற எருக்கு புறம்போக்கிலேயே நின்றுவிட்டது. பிள்ளையாருக்கு மாலை கட்டப் பூ கொடுத்ததோடு சரி. வலுவை மட்டும் அளந்துகொண்டிருந்தால் இந்த முரண் விளங்காது. காட்டுச் செடியின் நாரைக் கையால் கயிறாக்குவதில் எது எளிது, எது அரிது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

எளிது முறுக்குவது. ஒரு பிடி நாரை இரு கையாலும் எதிரெதிராக முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது தானாக மடிந்து ஒரு கண்ணி விழும். கண்ணியிலிருந்து இரண்டு புரிகள் கிளம்பும். ஒவ்வொரு புரியையும் வலப்பக்கம் முறுக்கி, இரண்டையும் சேர்த்து இடப்பக்கம் சுற்றிக்கொண்டே வர வேண்டும். புரி அவிழப் பார்க்கும் திசையும் கயிறு அவிழப் பார்க்கும் திசையும் நேரெதிர் என்பதால் ஒன்றின் அவிழ்ச்சி மற்றதை இறுக்குகிறது. பசையும் இல்லை, முடிச்சும் இல்லை. கயிற்றை இழுக்கும்போது சுருளாக ஓடும் இழைகள் உள்நோக்கி நெருக்குகின்றன. நெருக்கம் கூடக் கூட உராய்வும் கூடுகிறது. ஒரு முழம்கூட இல்லாத நார்கள் வழுக்கிப் பிரியாமல் நூறு முழக் கயிறாக நிற்பது இப்படித்தான்.

முறுக்கு குறைந்தால் நார் வழுக்கும். மிகுந்தால் இழைகள் இழுவிசைக்குக் குறுக்கே சாய்ந்து வலு குறையும்; கயிறும் முண்டு முண்டாகச் சுருளும். பழகாத கை தடுமாறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, இரண்டு புரிகளுக்கும் ஒரே இடத்தில் புது நார் கொடுப்பது. அந்த இடத்தில்தான் கயிறு அறும். ஒரு புரி மெலியத் தொடங்கும்போதே அதற்குமட்டும் நார் சேர்த்து, அடுத்த புரிக்குச் சற்றுத் தள்ளிச் சேர்க்க வேண்டும். இரண்டாவது, ஒரு புரியை விறைப்பாகவும் மற்றதைத் தளர்வாகவும் பிடிப்பது. அப்போது விறைத்தது நேராக நிற்க, தளர்ந்தது அதைச் சுற்றிப் படரும். சுமை முழுவதும் ஒற்றைப் புரிமேல் விழும். ஈரத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. பச்சை நாரில் திரித்த கயிறு காய்ந்ததும் சுருங்கித் தளர்ந்துபோகும். காயவைத்த நாரை லேசாக நனைத்துத் திரித்தால் அந்தத் தளர்ச்சி வராது. இவ்வளவையும் ஆர்வமுள்ள ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு பிற்பகலில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

அதனால்தான் இந்த வித்தை நம் மனித இனத்துக்கு மட்டும் உரியதா என்று கேட்க இடமிருக்கிறது. பிரான்சின் அப்ரி டு மராஸ் குகைத்தங்கலில் ஒரு கற்சில்லின் அடியில் ஒட்டிக்கிடந்த இழைத்துண்டு ஒன்றைப் புரூஸ் ஹார்டியும் உடன் ஆய்ந்தவர்களும் 2020இல் வெளியிட்டார்கள். நீளம் வெறும் 6 மில்லிமீட்டர். ஆனால் நுண்ணோக்கியில் மூன்று புரிகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் முறுக்கப்பட்டு, மூன்றும் சேர்ந்து எதிர்ப்பக்கம் திரிக்கப்பட்டிருந்தன. காலம் 41,000 முதல் 52,000 ஆண்டுகளுக்கு முன்பு. அங்கே அப்போது வாழ்ந்தவர்கள் நியாண்டர்தால்கள். நார் ஊசியிலை மரம் ஒன்றின் உட்பட்டை. ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2015இல் கிடைத்த மாமூத் தந்தக் கோல் ஒன்றில் நான்கு துளைகள், துளைக்குள் சுருள்சுருளாக வெட்டிய பள்ளங்கள். ஏறத்தாழ 40,000 ஆண்டுப் பழைமை. அதே அச்சில் செய்த துளைக்கோலில் நீர்ச்சம்பை இலைகளைக் கொடுத்து, நாலைந்து பேர் சேர்ந்து பத்து நிமிடத்தில் ஐந்து மீட்டர் கயிறு திரித்துக் காட்டினார்கள் ஆய்வாளர்கள். இஸ்ரேலின் கலிலேயக் கடலோரம் ஓஹாலோ என்ற இடத்தில் கிடைத்த முறுக்கிய இழைகளுக்கு வயது சுமார் 23,000 ஆண்டுகள்.

நார் மக்கிப்போகும் பொருள். ஆகவே கிடைத்தவை கடலில் ஒரு துளி. கயிறு போன பின்னும் அதன் தடம் மட்டும் ஈரக் களிமண்ணில் பதிந்து சுடப்பட்டுத் தப்பியிருக்கிறது. ஜப்பானின் ஜோமோன் பானைகள் இதற்குப் பேர்போனவை. பழந்துணிகளை ஆய்ந்த எலிசபெத் வேலண்ட் பார்பர், மனிதர் கயிறு திரிக்கக் கற்றுக்கொண்ட மாற்றத்துக்குக் ‘கயிற்றுப் புரட்சி’ என்றே பெயரிட்டார். கல்லையும் எலும்பையும் வைத்தே காலத்தைப் பிரிக்கும் தொல்லியலில் அவர் குரல் தேவையான திருத்தம்தான். ஆனாலும் ‘புரட்சி’ என்ற சொல் முறுக்கைப் பெரிதாக்கி நாரை மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

அப்ரி டு மராஸ் இழையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியிலை மரத்தின் உட்பட்டை இலகுவாக உரிவது மரத்தில் நீரோட்டம் ஏறும் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும்தான். இந்த இழையைத் திரித்தவருக்கு எந்த மரம், எந்தப் பட்டை, எந்தப் பருவம் என்பது தெரிந்திருந்தது. கயிற்றுக் கலையின் கனமான பாதி இதுதான். முறுக்கு உலகமெங்கும் ஒன்றே. நாரறிவு ஊருக்கு ஊர் வேறு.

செடியில் நார் இருக்கும் இடங்கள் சிலதான். எருக்கு, சணப்பு, புளிச்சை, துத்தி போன்றவற்றில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே, உணவைக் கடத்தும் திசுவை ஒட்டிக் கட்டுக்கட்டாக ஓடுகிறது. கற்றாழை, மருள், பனை போன்ற ஒருவித்திலைச் செடிகளில் இலையின் சதைக்குள்ளோ மட்டைக்குள்ளோ நீளவாக்கில் கிடக்கிறது; பனைமட்டையின் அகணியை உரித்துக் கட்டில் பின்னும் தென்மாவட்டத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தென்னையில் அது காயின் மட்டையில். கோரை, புல், வைக்கோல் என்றால் நாரைப் பிரிப்பதே இல்லை. முழுத் தாளையும் முறுக்கிப் பிரியாக்கிவிடுவார்கள். ஆத்திப் பட்டை போன்ற சிலவற்றை உரித்த கையோடு விறகுக்கட்டைக் கட்டிவிடலாம். அது ஒரு நாள் கயிறு. ஒரு நாளுக்குமேல் அதனிடம் யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

நாரைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. நாரையும் சதையையும் ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்னும் இயற்கைப் பசை. தண்ணீரில் ஊறப்போட்டால் பாக்டீரியாக்கள் அந்தப் பசையைத் தின்றுவிடும். அளவறிந்து எடுத்தால் நார் கழன்றுவரும்; சில நாள் பிந்தினால் நாரும் அழுகும். சணப்புக்கு இது நாட்கணக்கு. தேங்காய் மட்டைக்கோ காயல் சேற்றில் ஆறு முதல் பத்து மாதம்வரை. அந்த நீரின் நாற்றமும், அதில் மீன் தங்காமல் போவதும் காயலோரத்தில் வாழ்பவர்களுக்குத் தெரியும். கைக்கயிற்றை மாசில்லாத பொற்காலப் பண்டமாக எழுதுகிறவர்கள் இந்த மட்டைக்குழிகளின் பக்கம் போனதில்லை போலும். கற்றாழையையும் மருளையும் ஊறவைப்பதைவிடச் சுரண்டி எடுப்பதே நல்லது. ஆனால் கற்றாழைச் சாற்றிலுள்ள ஊசிப்படிகங்கள் கையைப் புண்ணாக்கும். நீலகிரியில் தொட்டால் தோல் தடித்து எரியும் கிரார்டினியா என்ற சுணைச்செடியைத் தோடர்கள் முதலில் வேகவைத்துச் சுணையை அடக்கிவிட்டுத்தான் பட்டையை உரித்தார்கள். அதே இனச் செடியை நேபாள மலைமக்கள் ‘அல்லோ’ என்று அழைத்து, விறகுச் சாம்பலோடு வேகவைத்து, வெள்ளைக் களிமண்ணில் புரட்டி நார் பிரிக்கிறார்கள். சாம்பலின் காரம் அங்கே பாக்டீரியாவின் வேலையைச் செய்துவிடுகிறது.

எந்தச் செடியை எப்படி அறுப்பது என்பதும் இதே அறிவின் பகுதி. நியூசிலாந்தின் மாவோரிகள் ஹரகேக்கே என்னும் வாள்போன்ற இலைச்செடியில் நடுக்குருத்தைத் தொடமாட்டார்கள். அதை அணைத்து நிற்கும் இரண்டு இலைகளையும் தொடமாட்டார்கள். குருத்து பிள்ளை, அணைப்பவை பெற்றோர் என்பது அவர்கள் வழக்கு. வெளி இலைகளை மட்டும் அறுப்பதால் தூர் சாவதில்லை. கலிபோர்னியாவில் இந்தக் கணக்கு இன்னும் பெரியது. அங்கே 40 அடி மான்வலை ஒன்றுக்குச் சுமார் 7,000 அடி கயிறு வேண்டும், அதற்கு 35,000 செடித்தண்டுகள் வேண்டும் என்று எம். கேட் ஆண்டர்சன் எடுத்துக்காட்டுகிறார். தானாக முளைத்ததைப் போகிறபோக்கில் பறித்து இத்தனை தண்டு சேர்க்க முடியாது. ஆகவே பழங்குடிகள் அந்தச் செடிப்பரப்புகளுக்குக் காலமறிந்து தீயிட்டார்கள். கருகிய அடியிலிருந்து அடுத்த பருவத்தில் கிளையில்லாமல் நெட்டையாக எழும் தண்டில் நார் நீளமாக ஓடும். கிளை பிரியும் கணுவில் நார் அறுந்துபோகும். ‘காட்டு’ நார் என்று நாம் சொல்வதில் பாதி, மனிதர் கைபட்டு வளர்ந்ததுதான்.

அங்கே அவர்கள் நார் எடுத்த முக்கியச் செடிகளான ‘பால்களை’ (மில்க்வீட்) இனங்களும் அப்போசைனமும் நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டு கண்டங்களில், ஒருவரையொருவர் அறியாத மக்கள், பால் வடியும் ஒரே குடும்பத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். வடமொழி நூல்கள் வில்நாணுக்கு உரியதாகச் சொல்லும் மூர்வாவும் இங்கே நினைவுக்கு வருகிறது. சத்திரியனின் அரைஞாண் அந்த நாரில் இருக்க வேண்டும் என்று மனுஸ்மிருதி விதிக்கிறது. அது எந்தச் செடி என்பதில் தாவரவியலாளர்களுக்குள் இன்றும் ஒருமித்த முடிவில்லை. நம் ஊர் மருள்தான் அது என்று ஒரு தரப்பு; மார்ஸ்டெனியா என்னும் கொடி என்று இன்னொரு தரப்பு. ராஜ்மகால் மலைமக்கள் வில்லுக்கு நாணேற்றிய அந்தக் கொடியும் எருக்கின் உறவுதான்.

ஆக எருக்கு நாரின் வலுவை வைட் கண்டுபிடிக்கவில்லை. வில்நாணுக்கும் தூண்டில் நூலுக்கும் அதைப் பயன்படுத்தியவர்களுக்கு அது முன்பே தெரியும். அவர்களுக்குத் தெரிந்த இன்னொன்று பட்டியலில் ஏறவில்லை: எருக்கு ஊறலுக்கு ஒத்துவராது. தண்ணீரில் போட்டால் நார் கறுத்து வலுவிழக்கும். நேரான கிளையாகப் பார்த்து வெட்டி, ஒரு நாள் வாடவிட்டு, லேசாகத் தட்டி, தோலை உரித்து, தோலுக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள இழையைக் கையால் பிரித்து நிழலில் உலர்த்த வேண்டும். பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. செடியோ அங்கொன்றும் இங்கொன்றுமாக, கோணல்மாணலாகக் கிளைத்து நிற்கும். ஒரு தூண்டில் நூலுக்கு இவ்வளவு பாடுபடலாம்; நூல் மெலிந்தும் வலுத்தும் இருக்க வேண்டிய இடம் அது. கிணற்று வடத்துக்கு யார் பாடுபடுவார்கள்?

அதோடு கிணற்று வடம் மெல்லியதாக இருந்தால் பயனும் இல்லை. நிறைகுடத்தை இழுக்கும் உள்ளங்கையை மெல்லிய நூல் அறுத்துவிடும். கைப்பிடிக்கே ஒரு பருமன் வேண்டும். அந்தப் பருமன் வந்துவிட்டால் தென்னை நாரின் வலு தாராளமாகப் போதும். தேர்வடத்தில் பலபேர் கைவைக்க இடம் வேண்டும். தோணிக்கோ இன்னொரு குணம் வேண்டும். தென்னை நார் அறுவதற்குமுன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் நீளும். சணப்பு போன்ற பட்டை நார்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். அலை தூக்கி அடிக்கும்போது நீண்டு கொடுக்கும் கயிறு பிழைக்கும். லிக்னின் மிகுந்திருப்பதால் உப்புநீரும் அதை எளிதில் அழிக்காது. வைட் செய்ததைப்போல எடை தொங்கவிட்டு அளக்கும் சோதனை இவற்றில் எதையும் அளக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தேங்காய் எப்படியும் விளைகிறது. மட்டை அதன் மிச்சம்.

வலுக்குறைந்த நாரும் பெருக்கத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பெருவின் கெஸ்வாசாக்கா பாலத்துக்கு நிகரான சான்று இல்லை. அபூரிமாக் ஆற்றின் குறுக்கே சுமார் 28 மீட்டர், முழுவதும் புல். ஊர்க் குடும்பங்கள் ஆளுக்கு இத்தனை பாகம் என்று கைக்கயிறு திரித்துவர, அவற்றை முறுக்கிப் பெருங்கயிறாகவும், பெருங்கயிற்றைப் பின்னித் தொடைப் பருமன் வடமாகவும் ஆக்கி, ஆண்டுதோறும் ஜூனில் பழையதை ஆற்றில் அறுத்துவிட்டுப் புதிதைக் கட்டுகிறார்கள். யுனெஸ்கோ 2013இல் இதை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. கொள்ளைநோய்க் காலத்தில் புதுப்பிக்க முடியாமல் விட்டதில் 2021இல் பாலம் அறுந்து விழுந்தது. பிறகு மறுபடி கட்டினார்கள். புல்லை யாரும் வலுவான நார் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அங்கே கைக்கெட்டிய தூரத்தில் வேண்டுமளவு கிடைப்பது அதுதான்.

கயிறு தேய்வதைத் தமிழில் அறிந்தவர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே உண்டு. நற்றிணைப் புலவர் ஒருவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றே பெயர் பெற்றார். பொருளுக்கும் காதலுக்கும் நடுவே இழுபடும் உடம்பை, இரு யானைகள் பற்றி இழுக்கும் பழங்கயிறாக அவர் கண்டதால். உவமை காதலைப் பற்றியது என்றாலும் அதன் அடியில் ஒரு கைத்தொழில் நுட்பம் இருக்கிறது: கயிறு ஒரேயடியாக அறுவதில்லை, புரி புரியாகத் தேய்கிறது. கிணற்றடியில் கயிற்றைத் திருகி உட்புரியைப் பார்த்துவிட்டு வாளியை இறக்குகிறவரின் அறிவும் அதுவே.

இந்திய நார்களை ஏகாதிபத்தியம் அவசரமாகத் தேடியதற்குக் காரணம் போர். 1853இல் கிரீமியப் போர் மூண்டதும் பிரிட்டிஷ் கப்பல்களுக்கு வந்துகொண்டிருந்த ரஷ்யக் கஞ்சாச்செடி நார் நெருக்கடிக்குள்ளானது. கான்பூரில் பிறந்த ஃபோர்ப்ஸ் ராயில் 1855இல் இந்திய நார்ச்செடிகளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். காட்டுச்செடி, தோட்டச்செடி என்று பாராமல் எல்லாவற்றின் வலுவையும் அலசினார். முடிவில் சந்தையைப் பிடித்தது அந்த வலுவான செடிகளில் எதுவுமில்லை. பட்டை நார்களில் வலுவும் ஆயுளும் குறைந்த வங்காளச் சணல்தான் ஸ்காட்லாந்தின் டண்டி ஆலைகளை நிறைத்தது. மலிவு, மிகுதி, ஊறலுக்கு இணங்கும் தன்மை. தென்னை வென்ற அதே வழியில் சணலும் வென்றது.

கைக்கயிற்றைப் பிளாஸ்டிக் கொன்றது என்று சொல்வது வழக்கம். பாதி உண்மை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் பிலிப்பைன்ஸைப் பிடித்ததும் மணிலா நார் வரத்து நின்றது, நைலான் கயிறு அந்த இடத்துக்கு வந்தது. 1950களுக்குப் பின் பாலிபுரொப்பிலீன் வந்து விலையைத் தரையிறக்கியது. ஆனால் தமிழ்நாட்டுச் சிற்றூரில் கயிற்றின் தேவையே அதற்கிணையாகக் குறைந்துகொண்டு வந்தது. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்தவரை வடமும் வால்கயிறும் தேய்ந்துகொண்டே இருந்தன, திரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பம்புசெட் வந்தபோது கிணற்றிலிருந்து கயிறு வெளியேறியது. டிராக்டர் வந்தபோது மாட்டின் மூக்கிலிருந்து வெளியேறியது. உறி போய்க் குளிர்பெட்டி வந்தது. நைலான் இல்லாமலிருந்தாலும் இதில் பெரும்பகுதி நடந்தே தீர்ந்திருக்கும்.

செடிகள் எங்கும் போய்விடவில்லை. மருளின் ஆப்பிரிக்க உறவான பாம்புச்செடி அடுக்குமாடி வீட்டு வரவேற்பறைகளில் தொட்டியில் நிற்கிறது. அதன் இலையைச் சுரண்டினாலும் வெள்ளை வெளேரென்று நார் வரும். வைட்டின் பட்டியலில் இரண்டாமிடம் பிடித்த சணப்பையோ நம் விவசாயிகள் வண்டி வண்டியாக விதை வாங்கி விதைக்கிறார்கள், பசுந்தாள் உரத்துக்காக. பூவெடுக்கும் தருணத்தில், தண்டு இன்னும் இளசாக இருக்கும்போதே மடக்கி உழுதுவிடுகிறார்கள். மண்ணில் சீக்கிரம் மக்குவதற்கு அதுதான் பதம். நாருக்கு விதைக்கும் உத்தரப் பிரதேசத்து விவசாயி இன்னும் சில வாரம் பொறுத்துக் காய் பிடிக்கவிட்டு அறுப்பார். வரப்போரம் ஒரு பாத்தியை மட்டும் உழாமல் விட்டு, காய் பிடித்ததும் அறுத்துக் கட்டி, குட்டைத் தண்ணீரில் அமிழ்த்தி, பட்டை விரலுக்கு இளகுகிறதா என்று நாலாம் நாளிலிருந்து தினமும் தொட்டுப் பார்த்துவந்தால், தொழுவத்து மாடுகளுக்குத் தலைக்கயிறு திரிக்க நார் தேறும்.